நாலுக்கு மேல் போடலாமா? காப்பி வரம்பை மீறும் கார்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இரண்டு எண்கள். டெக்கில் (ஒருவர் ஆடுவதற்குக் கட்டிக்கொண்டு வரும் கார்டுக் கட்டு) குறைந்தது 60 கார்டு இருக்க வேண்டும், ஒரே கார்டு நாலுக்கு மேல் கூடாது. சொல்லிவிட்டுத் திரும்பினால் பக்கத்து மேஜையில் ஒருவர் ஒரே எலிக் கார்டில் முப்பது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அவருக்கு மட்டும் எப்படி?" என்று உடனே கேள்வி வரும். அதற்கும், அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கும் இங்கே பதில். பெரும்பகுதி மேஜிக் பற்றியது. போகிமான், யுகியோ போன்ற மற்றக் கார்டு ஆட்டங்கள் கடைசிப் பக்கம் கொஞ்சம்.

நாலு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

1993 ஆகஸ்டில் மேஜிக் வெளியானபோது அப்படி ஒரு வரம்பே இல்லை. டெக்கில் குறைந்தது 40 கார்டு என்பதோடு சரி. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு, ஒருவர் சில பாக்கெட்டுகள்தான் வாங்குவார், பலமான கார்டு ஒரு நண்பர் வட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், விஷயம் தானாகவே அளவோடு நிற்கும் என்று நினைத்திருந்தார். ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்.

என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். லைட்னிங் போல்ட் என்ற கார்டுக்கு ஒரு மானா (கார்டு போடக் கொடுக்கும் சக்தி) செலவு, எதிராளிக்கு 3 அடி, அதாவது லைஃபில் 3 குறையும். ஆட்டம் 20 லைஃபில் தொடங்குகிறது. ஏழு போல்ட் விழுந்தால் கதை முடிந்தது. டெக்கில் பாதி போல்ட், மீதி மானா தரும் மலை என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவரோடு யார் இரண்டாவது ஆட்டம் ஆடுவார்? 1994இல் போட்டி விதிகளில் 60 கார்டு, நாலு காப்பி என்று எழுதினார்கள். அப்புறம் வீட்டில் ஆடுபவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரே கார்டு" என்றால் எதை வைத்துச் சொல்வது? படம் வேறாக இருந்தால்?

பெயரை வைத்துத்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். படம், வெளியான செட் (சேர்ந்து வெளியாகும் கார்டுத் தொகுதி), பளபளப்பு, மொழி எதுவும் கணக்கில் இல்லை. விதியில் ஆங்கிலப் பெயர் என்றே தெளிவாக இருக்கிறது. அதனால் ஜப்பானிய மொழியில் அச்சான நாலு, ஆங்கிலத்தில் நாலு என்று எட்டு போட முடியாது.

2020இல் இக்கோரியா செட்டோடு காட்ஸில்லா படம் போட்ட கார்டுகள் வந்தன. மேலே பெரிதாகக் காட்ஸில்லா பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கார்டின் உண்மையான பெயர். அந்தச் சின்ன எழுத்துதான் கணக்கு.

இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். நாலு என்பது மெயின் டெக்கும் 15 கார்டு சைட்போர்டும் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கார்டுகள்) சேர்த்து. மெயினில் மூன்று இருந்தால் சைட்போர்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

லேண்ட் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் போடுகிறோமே?

லேண்ட் என்பது மானா தரும் நிலக் கார்டு. அதில் மலை, காடு, சதுப்பு போன்ற பேசிக் லேண்டுக்கு வரம்பு இல்லை. இருந்தால் ஆட்டமே ஓடாது. பனி மூடிய லேண்டுகள், 2016இல் வந்த வேஸ்ட்ஸ் எல்லாமும் இதில் அடக்கம். அவற்றின் வகை வரியில் "பேசிக்" என்ற சொல் இருக்கிறது.

அந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும். பேயூ என்ற பழைய கார்டின் வகை வரியில் சதுப்பு, காடு இரண்டும் இருக்கும். "சதுப்பு என்று போட்டிருக்கிறதே, பேசிக்தானே" என்று பத்து பேயூ போட ஆசைப்படாதீர்கள். "பேசிக்" என்ற சொல் அதில் இல்லை. அதனால் நாலுதான். (பத்து பேயூ வாங்கும் வசதி இருப்பவருக்கு என் அறிவுரை தேவைப்படாது என்பது வேறு விஷயம்.)

சரி, எந்தெந்தக் கார்டுகளை நாலுக்கு மேல் போடலாம்?

முதலில் வந்தது ரிலென்ட்லெஸ் ராட்ஸ் என்ற எலி, 2004, ஃபிஃப்த் டான் செட். "இந்தப் பெயருள்ள கார்டுகள் டெக்கில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்" என்ற வரி அதில்தான் முதன்முதலில் அச்சானது. அடுத்தது வர ஒன்பது வருடம் ஆயிற்று: 2013இல் ஷேடோபார்ன் அப்போஸல். அதன்பின் கை தாராளமாகிவிட்டது. 2018இல் ராட் காலனி, 2019இல் பெர்சிஸ்டென்ட் பெட்டிஷனர்ஸ், 2021இல் டிராகன்ஸ் அப்ரோச், 2024இல் ஸ்லைம் அகெய்ன்ஸ்ட் ஹ்யூமானிட்டியும் ஹேர் அப்பாரன்ட்டும், 2025இல் டெம்பெஸ்ட் ஹாக். இன்னும் உண்டு. எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கார்டிலேயே அந்த வரி இருக்கும். இல்லையென்றால் நாலு.

ஹேர் அப்பாரன்ட் என்ற பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டத்து இளவரசனைக் குறிக்கும் சொல்லின் முதல் பாதியை முயலாக மாற்றியிருக்கிறார்கள். காளமேகத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் சுமார்தான், ஆனாலும் சிரிப்பு வருகிறது.

ஒரு கார்டில் எழுதியிருந்தால் விதிப்புத்தகம் அடங்கிப்போகுமா?

போகும். விதிப்புத்தகத்தின் தொடக்கத்திலேயே அப்படித்தான் இருக்கிறது: கார்டில் உள்ளதும் விதியும் முரண்பட்டால் கார்டு சொல்வதே செல்லும்.

இதை ஒட்டி ஒருவர் கேட்டார்: "ஆட்டத்தின் நடுவில் எதிராளி என் எலிகளின் திறன்களையெல்லாம் நீக்கிவிட்டால் டெக் சட்டவிரோதமாகிவிடுமா?" ஆகாது. அந்த வரி வேலை செய்வது டெக் கட்டும்போது. ஆட்டம் தொடங்கும் முன்பே அதன் வேலை முடிந்துவிட்டது.

எலி டெக் உண்மையில் எப்படி ஆடும்?

ரிலென்ட்லெஸ் ராட்ஸுக்கு மூன்று மானா. தனியாக நின்றால் 2/2 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2), மூன்று மானாவுக்கு ரொம்பச் சாதாரணம். களத்தில் அதே பெயரில் இருக்கும் ஒவ்வொரு மற்ற எலிக்கும் தலா +1/+1 கூடும். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றும் 3/3. மூன்று என்றால் 4/4, மொத்த அடி 12. நாலு வந்துவிட்டால் ஒவ்வொன்றும் 5/5, மொத்தம் 20. எதிராளியின் தொடக்க லைஃப் முழுவதும் ஒரே தாக்குதலில். ஐந்தாவதும் வந்தால் 30.

மூன்றாவது டர்னில் ஒரு எலி இறங்கும்போது எதிராளி கண்டுகொள்ள மாட்டார். நாலாவதில் இன்னொன்று. ஐந்தாவதில் மூன்றாவது வந்து நிற்கும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, கையிலிருக்கும் கார்டுகளை ஒரு முறை புரட்டிப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த டெக்கை வைத்திருப்பவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

கணக்கில் ஒரு சிக்கலான இடம்: ரிலென்ட்லெஸ் ராட்ஸ் களத்தில் உள்ள எல்லா ரிலென்ட்லெஸ் ராட்ஸையும் எண்ணும், எதிராளியுடையதையும் சேர்த்து. இரண்டு எலி டெக்குகள் மோதினால் எண்கள் வேடிக்கையாக ஏறும். ராட் காலனி அப்படியில்லை. உங்கள் பக்கத்து எலிகளை மட்டும் எண்ணும், ஆனால் எந்தப் பெயருள்ள எலியாக இருந்தாலும் எண்ணும். ஏறுவது தாக்கும் பலம் மட்டும்தான், தாங்கும் பலம் 1 ஆகவே நிற்கும். இரண்டு மானாதான் என்பதால் வேகம் அதிகம், சாவதும் வேகம்.

வரம்பே இல்லையென்றால் இந்த டெக்குகள்தானே எல்லாப் போட்டியிலும் ஜெயிக்க வேண்டும்?

இல்லை. வரம்பை விலக்குவதற்கு முன்னால் கார்டை வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்துவிடுகிறார்கள். லைட்னிங் போல்ட்டில் அந்த வரியை எழுதினால் 1993 திரும்பி வந்துவிடும். எழுத மாட்டார்கள். ஒன்று தனியாக இருந்தால் ஒப்பேறாது, கூட்டம் சேர்ந்தால்தான் பேசும் என்ற மாதிரிக் கார்டுக்குத்தான் இந்தச் சலுகை.

ஷேடோபார்ன் அப்போஸலைப் பாருங்கள். ஒரு மானா, 1/1. ஆறு அப்போஸல்களைப் பலி கொடுத்து, கூடவே ஒரு மானா கட்டினால் லைப்ரரியிலிருந்து (டெக்கில் இன்னும் கைக்கு வராத கார்டுகள்) ஒரு டீமனை நேராகக் களத்தில் இறக்கலாம். ஆறு! நாலு காப்பி வரம்பு இருந்தால் இந்தத் திறனை ஒருமுறைகூட இயக்க முடியாது. இந்தக் கார்டில் விதிவிலக்கு வரியை எடுத்துவிட்டால் கார்டே இல்லை. டிராகன்ஸ் அப்ரோச்சும் அந்த வகை. ஒன்று போட்டால் எதிராளிக்கு 3 அடி. கிரேவ்யார்டில் (வேலை முடிந்த கார்டுகள் போகும் குவியல்) ஏற்கெனவே நாலு கிடந்தால், ஐந்தையும் விலக்கி வைத்துவிட்டு ஒரு டிராகனைத் தேடி இறக்கலாம். வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்தவை இந்த இரண்டும்தான். எலிக்கு நாலு போதாது என்பது ஆசை. இவற்றுக்கு நாலு போதாது என்பது கணக்கு.

ஹேர் அப்பாரன்ட் வேறு வழி. களத்துக்கு வரும்போது, ஏற்கெனவே அதே பெயரில் எத்தனை முயல் இருக்கிறதோ அத்தனை குட்டி முயல் டோக்கன்களோடு (டெக்கில் இல்லாமல் களத்தில் மட்டும் உருவாகுபவை) வரும். முதலாவது தனியாக வரும், இரண்டாவது ஒன்றோடு, மூன்றாவது இரண்டோடு, நாலாவது மூன்றோடு. நாலு கார்டு போட்டதில் களத்தில் பத்து முயல். இரண்டு மானா விலைக்கு 2/2 என்பதால் தனியாகவும் மோசமில்லை. அதனால்தான் எலிகளைவிட இது வேகமாகப் பிரபலமானது என்று நினைக்கிறேன்.

எதிரே இப்படி ஒரு டெக் வந்தால் என்ன செய்வது?

பெயரைத் தாக்குங்கள். ஒரே பெயர்தான் அவர்களுடைய பலம் என்பதால் அடிபடும் இடமும் அதுவே.

பைல் பிளைட் என்ற கார்டு ஒரு கிரீச்சரையும் (எலி, முயல் போலக் களத்தில் நின்று சண்டை போடுவது) அதே பெயருள்ள மற்ற எல்லாவற்றையும் -3/-3 ஆக்கும். முயல்கள் 2/2தான் என்பதால் மொத்தமாகப் போய்விடும். மேல்ஸ்ட்ராம் பல்ஸ் ஒன்றை அழித்தால் அதே பெயரில் உள்ள எல்லாம் அழியும். எக்கோயிங் ட்ரூத் அத்தனையையும் கைக்குத் திருப்பி அனுப்பும். கொடுமையானது சர்ஜிகல் எக்ஸ்ட்ராக்ஷன், 2011. கிரேவ்யார்டில் ஒரே ஒரு எலி விழுந்திருந்தால் போதும். அந்தப் பெயரில் கையில், லைப்ரரியில், கிரேவ்யார்டில் உள்ள அத்தனையையும் தேடி எடுத்து ஆட்டத்தை விட்டே விலக்கிவிடலாம். மானா இல்லாவிட்டால் 2 லைஃப் கொடுத்தும் போடலாம். முப்பது எலி டெக்கில் மிச்சம் இருப்பது லேண்டும் ஏக்கமும்தான். பேசிக் லேண்டை மட்டும் அந்தக் கார்டு தொடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வரம்பில்லாத இன்னொரு கூட்டத்தை மறக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்.

எலிகளுக்கு எதிராகச் சின்ன உத்தி ஒன்று: நாலு எலி தாக்க வரும்போது ஒன்றைக் கொன்றால் போவது 5 அடி மட்டுமில்லை. மீதி மூன்றும் 4/4 ஆகச் சுருங்கும். 20 அடி 12 ஆகிவிடும். பிளாக் செய்வது, அதாவது தடுப்பது, யார் என்று முடிவான பிறகு கொன்றால் இன்னும் நல்லது.

எத்தனை போடுவது சரி?

60 கார்டு டெக்கில் நாலு காப்பி இருந்தால் தொடக்கத்தில் கைக்கு வரும் ஏழில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். இருபது போட்டால் 95 சதவீதத்துக்கு மேல், சராசரியாகக் கையில் இரண்டுக்குச் சற்று அதிகம். அதற்குமேல் கூட்டும் ஒவ்வொன்றும் கொல்லும் கார்டுக்கோ கார்டு எடுக்க உதவும் கார்டுக்கோ உரிய இடத்தைத் தின்கிறது. நான் இருபதிலிருந்து தொடங்கி, ஆடிப்பார்த்துக் குறைப்பேன். முதல் தடவை 36 எலி, 24 சதுப்பு என்று வெறும் இரண்டே பெயரில் ஒரு டெக் கட்டினேன். பார்க்க அழகு. எதிராளி ஒரு பறக்கும் கிரீச்சரை இறக்கியதும் அதைத் தடுக்க எலியிடம் இறக்கை இல்லை என்பது புரிந்தது.

கமாண்டரில் எல்லாமே ஒன்றுதானே? அங்கேயும் செல்லுமா?

செல்லும், இந்தக் கார்டுகளுக்கு உண்மையான வீடே அதுதான். கமாண்டர் என்பது ஒரு தலைவன் கார்டைச் சுற்றி டெக் கட்டும் ஃபார்மட், அதாவது ஆட்ட வகை. டெக் சரியாக 100 கார்டு, பேசிக் லேண்ட் தவிர எந்தப் பெயரும் ஒருமுறைதான். ஆனால் கார்டில் உள்ள வரி இந்த விதியையும் வெல்லும். மாரோ-க்னாவர் என்ற எலித் தலைவன் 2004இல் வந்தது. அதைக் கமாண்டராக வைத்து, கீழே முப்பது எலி என்பது பல வருடங்களாக ஆடப்படும் டெக். மற்றவர்கள் நூறு வேறுவேறு கார்டுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒரே கார்டை அடுக்கிக்கொண்டு வருவதில் ஒரு குறும்பு இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: வரி நீக்குவது எண்ணிக்கை வரம்பை மட்டும்தான். கமாண்டரின் நிறத்துக்குப் பொருந்தாத கார்டை அது உள்ளே விடாது. அந்த ஃபார்மட்டில் தடை செய்யப்பட்ட கார்டையும் விடாது.

த்ரம்மிங் ஸ்டோன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

2006இல் கோல்ட்ஸ்னாப் செட்டில் வந்த ஐந்து மானா ஆர்ட்டிஃபாக்ட். நீங்கள் போடும் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் "ரிப்பிள் 4" தரும். அதாவது ஒரு கார்டைப் போட்டதும் லைப்ரரியின் மேல் நாலு கார்டுகளைத் திறந்து காட்டலாம். அதே பெயரில் உள்ளவற்றை மானா இல்லாமலே போடலாம். மீதி அடியில் போகும்.

நாலு காப்பி உள்ள சாதாரண டெக்கில் இது வெறும் கல். எலி டெக்கில் வையுங்கள். லைப்ரரியில் 50 கார்டு மிச்சம், அதில் 30 எலி என்று வைத்துக்கொண்டால், திறக்கும் நாலில் சராசரியாக இரண்டுக்கு மேல் எலி. அந்த ஒவ்வொரு எலியும் போடப்படுகிறது, அதற்கும் ரிப்பிள் வருகிறது, இன்னும் நாலு திறக்கிறது. கையிலிருந்து ஒரு எலி போட்டவர் முடிக்கும்போது களத்தில் பெரும்பாலும் எலிப்பண்ணையே நிற்கும். டெக்கை வைத்திருப்பவருக்கு ஆனந்தம். மேஜையில் மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகும்.

ஏழு, ஒன்பது என்றும் சில கார்டில் இருக்கிறதே?

இருக்கிறது. 2019இல் வந்த செவன் டுவார்ஃப்ஸ் ஏழு வரை. 2023இல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் செட்டில் வந்த நாஸ்கூல் ஒன்பது வரை. கதையில் அவர்கள் ஒன்பது பேர். ஒன்பது படங்களும் தனித்தனி, அதனால் முழு வரிசையும் சேர்த்தே தீருவேன் என்று கிளம்பியவர்கள் உண்டு. கமாண்டரிலும் இதே ஏழு, ஒன்பது.

டிராஃப்டில்?

டிராஃப்ட், சீல்டு இரண்டும் அங்கேயே பிரிக்கும் பாக்கெட்டுகளிலிருந்து டெக் கட்டும் வகைகள். இரண்டிலும் காப்பி வரம்பே கிடையாது. உங்களுக்குக் கிடைத்த கார்டை எத்தனை இருந்தாலும் போடலாம். அங்கே அந்த வரி அலங்காரம்.

மேஜிக் அரீனாவில் முப்பது காப்பிக்கும் வைல்டுகார்டு செலவழிக்க வேண்டுமா?

வேண்டாம். அரீனா என்பது கணினியில் ஆடும் மேஜிக், வைல்டுகார்டு அங்கே வேண்டிய கார்டாக மாற்றிக்கொள்ளும் சீட்டு. நாலு உங்கள் கணக்கில் இருந்தால் டெக்கில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். காகிதத்தில் அந்தச் சலுகை இல்லை. சாதாரண காமன் கார்டாக இருந்தும் ஷேடோபார்ன் அப்போஸல் காமனுக்குரிய விலையில் கிடைக்காமல் போனதற்குக் காரணம், வாங்க வருபவர் ஒவ்வொருவரும் முப்பது கேட்பதுதான்.

போகிமான், யுகியோவில் இதெல்லாம் உண்டா?

போகிமானில் டெக் சரியாக 60, ஒரே பெயரில் நாலு, பேசிக் எனர்ஜிக்கு வரம்பு இல்லை. பெயர் என்பதை அங்கே எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். பிகாச்சு நாலு, பிகாச்சு இஎக்ஸ் நாலு, ஆக எட்டு பிகாச்சு போடலாம். வரம்பை முழுதாக உடைத்தது 2009இல் வந்த ஆர்சியஸ். வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம் என்று கார்டிலேயே எழுதியிருந்தது. ஒன் பீஸ் கார்டு ஆட்டத்தில் பசிஃபிஸ்டாவும் அப்படித்தான். அங்கே வரம்பைப் பெயரால் எண்ணுவதில்லை, கார்டு எண்ணால் எண்ணுகிறார்கள். அதனால் கதாநாயகன் லூஃபியின் பல வடிவங்களைத் தலா நாலு வைக்கலாம்.

யுகியோதான் சுவாரசியம். வரம்பு மூன்று. ஹார்ப்பி லேடி 1, ஹார்ப்பி லேடி 2, ஹார்ப்பி லேடி 3 என்று தனித்தனிக் கார்டுகள் இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் "இதன் பெயர் எப்போதும் ஹார்ப்பி லேடி" என்று இருக்கும். எப்போதும் என்றால் டெக் கட்டும்போதும். எல்லாம் சேர்த்தே மூன்றுதான். சைபர் டிராகன் கோர் வேறு மாதிரி: களத்திலும் கிரேவ்யார்டிலும் இருக்கும்போது மட்டும் அதன் பெயர் சைபர் டிராகன் ஆகும். டெக்கில் அது வேறு பெயர். அதனால் மூன்று சைபர் டிராகனோடு மூன்று கோரும் வைத்து, களத்தில் ஆறாக ஆடலாம். ஒரு பக்கம் "எப்போதும்", இன்னொரு பக்கம் "களத்தில் இருக்கும்போது". அந்த ஒரு சொல்லில் மூன்று கார்டு வித்தியாசம்.

வரம்பை இறுக்கும் கார்டுகளும் உண்டா?

உண்டு. மேஜிக்கின் வின்டேஜ் ஃபார்மட்டில் சில பலமான கார்டுகள் ஒன்றுதான். போகிமானில் ஏஸ் ஸ்பெக் கார்டு எந்தப் பெயராக இருந்தாலும் டெக்குக்கு ஒன்று. யுகியோவில் எக்ஸோடியாவின் ஐந்து துண்டுகளும் தலா ஒன்று.

எனக்குப் பிடித்தது மேஜிக்கின் லூட்ரி, 2020. லேண்ட் தவிர டெக்கில் ஒரு பெயர்கூட இரண்டு முறை வரக்கூடாது, அப்படியிருந்தால் இந்த நீர்நாய் டெக்குக்கு வெளியிலிருந்தே துணைக்கு வரும். 60 கார்டு டெக்கில் அது பெரிய தியாகம். கமாண்டரில் எல்லோருடைய டெக்கும் ஏற்கெனவே அப்படித்தானே? சிவப்பும் நீலமும் வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவசமாக ஒரு கார்டு. செட் கடைக்கு வருமுன்பே கமாண்டரில் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

என்னிடம் பழைய பிளேக் ராட்ஸ் இருக்கிறது. அதையும் முப்பது போடலாமா?

போட முடியாது. பிளேக் ராட்ஸ் 1993இன் முதல் செட்டிலேயே வந்த கார்டு. களத்தில் எத்தனை பிளேக் ராட்ஸ் இருக்கிறதோ அதுவே ஒவ்வொன்றின் பலம். வரம்பே இல்லாத காலத்துக்காகச் செய்யப்பட்டதால் அதில் விதிவிலக்கு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை, அடுத்த வருடம் வரம்பு வந்துவிட்டது. பிளேக் ராட்ஸ் வந்து பதினோரு வருடம் கழித்து ரிலென்ட்லெஸ் ராட்ஸ் அந்த வரியோடு வந்தது. பிளேக் ராட்ஸுக்கு இன்றும் நாலுதான். நாலையும் இறக்கிவிட்டால் ஒவ்வொன்றும் 4/4. எதிராளியும் நாலு வைத்திருந்தால் 8/8, அவருடையதும் 8/8.